கருப்பை அகற்றிய பின் ஆறு வாரம்

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலை அளவெட்டிக்குப் பக்கத்தில்தான். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது. மகரகமவுக்கு அலைந்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

தூரம் குறைந்தது. வீடுதான் மாறவில்லை. கருப்பையை அகற்றிய பின் ஏறத்தாழ ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது யார்? சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடனேயே கணவனும் பிள்ளைகளும் இதைப் பேசி முடிக்க வேண்டும். பேசாத வீட்டில் காயம் ஆறுமுன் அவளே வாளியைப் பிடிக்கிறாள்.

சூலகங்களும் அகற்றப்படுமா என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டையும் அகற்றினால் உடல் வெக்கை, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் திடீரென வரும். அதைக் குணக்கேடு என்கிறோம், பாவம்.

வீடு திரும்பிய பின் காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.