கடல் கடக்கும் குழந்தையின் கோப்பு

இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் வெளிநாட்டுக் குடும்பத்துக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் இணைய வாசல் ஒன்றுதான்: மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’வின் ‘கேரிங்ஸ்’ தளம். அதிலும் குடும்பம் நேரே போய்ப் பதிந்துகொள்ள முடியாது. காரா அங்கீகரித்த அயல்நாட்டு முகமை வீட்டை நேரில் பார்த்து, ஆய்வறிக்கை எழுதிப் பதிவேற்ற வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகமைகளின் பட்டியல் காராவின் தளத்திலேயே உண்டு. முகமைகளின் சொந்தத் தளங்களில் குழந்தைகள் சிரிக்கும் படங்கள் நிறைய இருக்கும். ஆனால் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியது இந்த வறட்டுப் பட்டியலைத்தான்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகள் குறித்து வழக்கறிஞர் லக்ஷ்மி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்று, 1984இல் நெறிமுறைகளை வகுத்தது. 1990இல் காரா பிறந்தது. உலக அளவில், வெளிநாட்டுத் தத்தெடுப்பை நெறிப்படுத்தும் 1993இன் ஹேக் உடன்படிக்கை வந்தது. அதை முதலில் ஏற்ற மூன்று நாடுகளுள் இலங்கை ஒன்று. 1980களில் போலித் தாய்மாரைக் காட்டி ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் அனுப்பப்பட்டதும் அதே இலங்கையிலிருந்துதான். இந்தியா 2003இல் இணைந்தது. எந்தெந்த நாடுகள் உறுப்பினர், ஒவ்வொன்றிலும் பொறுப்பு யாருடையது என்பதை அந்த உடன்படிக்கையைப் பராமரிக்கும் ஹேக் மாநாட்டு அமைப்பின் தளத்தில் எவரும் பார்க்கலாம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, பெற்றோரை இழந்த கைக்குழந்தைகள் தத்துக்கு இருக்கிறார்கள் என்று தொலைபேசி எண்ணோடு வாட்ஸ்அப் செய்திகள் சுற்றின. இரக்கத்தில் பகிர்ந்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். ஆனால் குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையைத் தத்துக்கு உரியதென அறிவிக்காமல் யாரும் அதைக் கொடுக்க முடியாது. விலைபேசினால் ஐந்தாண்டு வரை சிறை. அறிவித்த பிறகும் 60 நாள்களுக்குள் இந்தியருக்கோ வெளிநாடுவாழ் இந்தியருக்கோ தத்துக் கொடுக்க முடியாவிட்டால்தான் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு வழி. அதிலும் மாற்றுத்திறன் கொண்டோர், உடன்பிறந்தோர், ஐந்து வயதைக் கடந்தோர் ஆகியோருக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது சட்டம்.

எனவே குடும்பத்தின் முன் வரும் கோப்பில் படத்தைவிட மருத்துவ அறிக்கைக்கே கனம் அதிகம். எடை, உயரம், தலைச் சுற்றளவு என அதில் வரும் எண்களைத் தனியே பார்த்தால் ஒன்றும் புரியாது. உலக சுகாதார நிறுவனம் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆறாம் மாதத் தலைச் சுற்றளவையும் பன்னிரண்டாம் மாத அளவையும் அதில் புள்ளிகளாக வைத்தால், குழந்தை தன் கோட்டிலேயே வளர்கிறதா, கீழே சரிகிறதா என்பது தெரியும். குழந்தைகள்நல மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

இணையப் பக்கத்தின் தேதியும் முக்கியம்; நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. 2004இல் வெளிநாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 23,000 குழந்தைகள் தத்துப் போனார்கள். 2023இல் 1,300க்கும் குறைவு. சீனா 2024இல், உறவினர் தத்தெடுப்பு நீங்கலாக, வாசலை மூடிவிட்டது. இந்தியாவிலும் 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பது நீதிமன்றமல்ல, மாவட்ட ஆட்சியர். நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை நம்பினால் அலைச்சல்தான் மிச்சம்.

ஆணை கிடைத்த பிறகும் கோப்பு மூடப்படுவதில்லை. முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் குழந்தையின் நிலை குறித்த அறிக்கை கேரிங்ஸில் ஏற வேண்டும். வளர்ந்த பிள்ளை தன் வேரைத் தேடினால், உதவக் கடமைப்பட்டவர்களும் காராவும் முகமைகளும்தான். மூன்றாம் நபர் அந்தத் தேடலை நடத்த விதிகளில் இடமில்லை. பெற்ற தாய் தன் அடையாளத்தை வெளியிட மறுத்தால், அந்தப் பெயர் கோப்பைவிட்டு வெளியே வராது.