நிலாக்கல் யாருக்குச் சொந்தம்?

இடைசெவலில் மேடைவிட்டு இறங்கிய என்னை ஒரு முதிய உழவர் மறித்துக் கேட்டார்: "மழைக்கே வானத்தப் பாத்துக் கிடக்கோம். நிலாவுல போயிக் கல்லு பொறுக்கணுமாக்கும், தம்பி?"

கேலிக் கேள்வியன்று தோழனே, வரி கொடுப்பவரின் கேள்வி! நிலவிலிருந்து கல்லும் மண்ணும் கொணரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை 2,104 கோடி ரூபாய். பணம் அவருடையது, பயன் யாருடையது?

கல்லே வேண்டாம் என்பேனா? மாட்டேன்! பூமியின் பழம்பாறைகளைக் காற்றும் மழையும் அரித்துத் தின்றன. அவ்விரண்டுமற்ற நிலவோ, நானூறு கோடி ஆண்டுக் கணக்கைக் கல்லிலே காத்து வைத்திருக்கிறது. 1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்தது 382 கிலோ. அதில் சில குழாய்களைத் திறவாமல் வைத்திருந்து, 2019இலும் 2022இலும் திறந்தது அமெரிக்கா. ஏன்? அன்று பிறவாத அறிஞனுக்கும் அன்றில்லாத கருவிக்கும் பங்கு வைத்தது! பசித்த நாளிலும் குலுக்கையிலுள்ள விதைத் தவசத்தைத் தொடாத கரிசல் உழவனுக்கு இது விளங்காதா?

விளங்கும். ஆனால் அவன் கேட்பான்: "விதை சரி, எந்தக் காட்டில் விதைப்பாய்?"

சந்திரயான்-2இன் கலங்களைத் தரையில் சோதிக்க, நிலவு மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினாலோ பெருஞ்செலவு. கைகொடுத்தவை எவை? நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும்! நிலவின் மேட்டுநிலத்தில் மிகுந்துள்ள அனார்த்தோசைட் பாறை அங்கே கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியலார் துணைநின்றனர். அப்பாறையைப் பொடித்து மண்ணாக்கிய முறைக்கு 2020இல் இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது.

ஒத்திகைக்கு நம் கல்! அரங்கேற்றத்தன்று மட்டும் நாம் கொட்டகைக்கு வெளியே நிற்பதா?

தகுதி காட்டிக் கேட்கும் உலக ஆய்வாளர்க்கெல்லாம் தன் நிலாக்கல்லைக் கடனாகத் தருகிறது அமெரிக்கா. அயல்நாட்டார்க்கு அவர்கள் காட்டும் நேர்மையைச் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு டெல்லி காட்டட்டும்! கல் வந்திறங்குமுன்பே விதி எழுதுக. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கு வைக்க. அதை ஆய்வதற்கான கருவியும் பயிற்சியும் சேர்த்துத் தருக. பானையில்லா வீட்டுக்கு அரிசி அனுப்புவது கொடையாகாது!

கல்லூரிப் படியைப் பாதியிலே இறங்கியவன் நான். இவ்வூர்ப் பிள்ளையேனும் இறுதிவரை ஏறட்டும். அந்தக் கல்லின் வயதைத் தானே கணித்து வந்து அந்தப் பெரியவரிடம் சொல்லட்டும். அவர் கொடுத்த வரிக்கு அதுவே ரசீது!