சிற்றுருவக் கண்காட்சியும் செய்கையூக்கமும்

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது நம்மவர் பழமொழி. அதற்குக் கண்கூடான சான்று வேண்டுவோர், பிறநாட்டு நகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் சிற்றுருவக் கண்காட்சி ஒன்றனுள் புகுந்து பார்ப்பாராக. விமானம், கப்பல், புகைவண்டி, போர்வீரன், குதிரை, பாழடைந்த கோட்டை, பழைய தெருமூலை என உலகத்துப் பொருள்களெல்லாம் ஒரு கணக்குப்படி சுருங்கி, மேசைகளின்மீது வரிசையாக வீற்றிருக்கும். காண்போர் குனிந்து நோக்குவர், மூச்சடக்கி வியப்பர், பின்னர் வீடு திரும்புவர். திரும்பியபின் அவர்கள் யாது செய்கின்றனர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா. “இது நம்மால் ஒருநாளும் ஆகாது” என்று சோர்ந்து கைகட்டி இருப்பாரும் உளர். “நாளைக்கே தொடங்குவேன்” என்று தூரிகையைத் தேடுவாரும் உளர். ஒரே காட்சி இருவேறு பயன் விளைப்பது எதனால்? காண்போரின் இயல்பு ஒரு காரணமாகலாம். ஆயினும், கண்காட்சி அமைக்கப்பட்ட முறையே அதனினும் பெரிய காரணம் என்பது என் கருத்து.

இக்கலையை அறியாதார்பொருட்டு அதன் இயல்பை முதலிற் சிறிது கூறுதல் தகும். அளவு என்பதே இதன் இலக்கணம். 1:72 என்றால், மெய்ப்பொருளின் 72 அங்குலம் சிற்றுருவில் 1 அங்குலமாகும். அவ்வளவில் ஆறடி மனிதன் ஓரங்குலமே நிற்பான். ஏறக்குறைய 37 அடி இறகு விரிவுள்ள ஸ்பிட்ஃபயர் விமானம் ஆறங்குலத்துக்குச் சற்றே மேற்படும். 1:35 என்னும் அளவில் அவ்வாறடி மனிதன் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் உயரம் இருப்பான். அவனுடைய கண் ஒரு மில்லிமீட்டர் அகலமும் இராது. அக்கண்ணுக்குள் வெண்மையும் கருமணியும் தீட்டி, அவன் எத்திசை நோக்குகின்றான் என்பதைப் பார்ப்போர் அறியும்படி செய்யவேண்டும்.

1936-ஆம் ஆண்டில் ஆங்கில தேசத்தில் ஃபிராக் என்னும் பெயரால் வணிகம் செய்தோர், 1:72 அளவில் விமானப் பகுதிகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கலாயினர். 1953-ல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியார் தம் ஸ்பிட்ஃபயர் விமானத்தை எளியோரும் வாங்கும் விலையில் வெளியிட்டனர். அதன்பின் இக்கலை செல்வர் வீட்டுக் கண்ணாடிப் பேழையை விட்டுப் பள்ளிச் சிறுவன் மேசைக்கு இறங்கியது. 1963-ல் பிரிட்டனில் பிளாஸ்டிக் உருவமைப்பாளருக்கென ஒரு சங்கம் தோன்றிப் பல நாடுகளிலும் கிளைத்தது. அச்சங்கத்தார் நவம்பர் மாதந்தோறும் டெல்ஃபோர்டு நகரில் நடத்தும் காட்சியும், ஜப்பானில் ஷிஸுவோக்கா நகரத்தில் மே மாதத்தில் நடைபெறும் காட்சியும் இன்று உலகப் புகழ் பெற்றவை.

“இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ? வளர்ந்தவர் இதிற் பொழுதைக் கழிப்பது தகுமோ?” என்று கேட்பார் உளர். விளையாட்டே, அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், விளையாட்டிற் பழகிய கையும் கண்ணும் வினையிலும் உதவும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-ல், அமெரிக்கக் கடற்படையார் தம் நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களை நோக்கி, 1:72 அளவில் ஐந்து லட்சம் சிற்றுரு விமானங்கள் செய்து தருமாறு வேண்டினர். வானத்தில் ஒரு விமானத்தைக் கண்டமாத்திரத்தில் அது தம்முடையதோ பகைவருடையதோ என்று தெளிய வீரரைப் பழக்குவதற்கு அவை தேவைப்பட்டன. 35 அடி தூரத்தில் தொங்கவிட்ட அச்சிற்றுருவம், ஏறக்குறைய அரை மைல் தூரத்திற் செல்லும் மெய்விமானத்தைப்போலவே தோன்றும். பையன்கள் இழைத்த மரத்துண்டு, பலர் உயிர் காக்கும் பாடமாயிற்று. சிறிய வேலை என்று எதனையும் இகழ்தல் கூடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, வண்ணந் தீட்டுவோர் கையாளும் நுட்பங்களுட் சிலவற்றை நோக்குவோம். பொருளைச் சுருக்கலாம், ஒளியைச் சுருக்க முடியாது. மெய்யான மனிதன்மீது வெயில் விழுங்கால், அவன் புருவத்தின் கீழும் சட்டை மடிப்பினுள்ளும் ஆழ்ந்த நிழல் வீழ்கின்றது. இரண்டங்குலச் சிப்பாயின் சட்டை மடிப்போ மயிரிழை ஆழமே உடையது. மண்டபத்து விளக்கு அதில் இடும் நிழல் போதியதாக இராது. ஆகவே, அந்நிழலை ஓவியன் தானே தீட்டவேண்டியவனாகின்றான். நீர்த்த கருவண்ணத்தைப் பூசினால் அது பள்ளங்களில் ஓடித் தங்கும். அஃது உலர்ந்தபின், வெளிர்வண்ணம் தோய்த்த தூரிகையைத் துணியில் நன்கு துடைத்துவிட்டு மேலாகத் தடவினால், மேடுகள் மட்டும் ஒளி பெறும். நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 1:72 அளவு விமானத்தை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பவன், மெய்விமானத்தை 72 அடி தூரத்தினின்று பார்ப்பவனை ஒப்பான். தூரத்துப் பொருளின் நிறம், இடைநின்ற காற்றால் சற்றே வெளிறித் தோன்றும். ஆதலின், மெய்விமானத்துக்குப் பூசிய வண்ணத்தையே மாற்றமின்றிப் பூசினால் சிற்றுருவம் மிகக் கறுத்துத் தோன்றும் என்று கருதி, அனுபவசாலிகள் பலர் அதில் ஒரு துளி வெண்மை கலப்பர்.

இவற்றுள் எதுவும் பிறவியிலே வந்த வரம் அன்று என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுக்கக்கூடியவை, கேட்டுச் செய்யக்கூடியவை, நாலைந்து முறை கெட்டபின் கைவரக்கூடியவை. இதனை அறியாதவன், முடிந்த பொருளை மட்டும் பார்த்து, இது தெய்வச்செயல் என்று தொழுதுவிட்டுப் போகின்றான். தொழுகை வேறு; ஊக்கம் வேறு. தொழுகையால் கை கூப்பும். ஊக்கத்தால் கை வேலை செய்யும்.

இக்காலத்தில் சிற்றுருவங்களைக் காணக் கண்காட்சிக்குச் செல்ல வேண்டுவதில்லையே, கைப்பேசியிலேயே ஆயிரக்கணக்கான படங்களைக் காணலாமே எனின், அங்கேதான் தீங்கு நிகழ்கின்றது. படம் எடுப்போர் ஐம்பது மில்லிமீட்டர் உருவத்தை ஒரு முழம் உயரம் காட்டுகின்றனர். பல படங்களுள் நல்லதொன்றையே வெளியிடுகின்றனர். செய்தவன் கெடுத்துக் களைந்த உருவங்களைக் காட்டுவதில்லை. அதனை இரவெல்லாம் பார்த்த இளைஞன் தன் மேசைமேல் உள்ள உருவத்தைத் திரும்ப நோக்கி, வெட்கி, பெட்டிக்குள் மறைத்துவிடுகின்றான். கண்காட்சியிலோ, புகழ்பெற்ற கலைஞன் செய்த உருவமும் தன் மெய்யளவிலேயே நிற்கின்றது. நெருங்கி நோக்குங்கால், ஓரிடத்தில் தூரிகை தடம் விட்டிருக்கும். ஓரிடத்தில் ஒட்டிய கோடு தெரியும். மனிதன் கைவேலையே என்பது அங்கே விளங்குகின்றது. அச்சிறு குறையே தொடங்குவானுக்குப் பெரிய ஆறுதல்.

அதனினும் சிறந்தது, செய்தவரையே அருகிற் காணுதல். டெல்ஃபோர்டு முதலிய இடங்களில் கழகத்தார் தத்தம் மேசைகளுக்குப் பின்னே அமர்ந்திருப்பர். “இத்துருவை எவ்வாறு உண்டாக்கினீர்?” என்று ஒரு சிறுவன் கேட்டாலும், நரைத்த பெரியவர் ஒருவர் உப்புத்தூளையும் பஞ்சுத்துண்டையும் பற்றிப் பொறுமையோடு விரித்துரைப்பார். புலிக்கு எல்லா வித்தையும் கற்பித்த பூனை, மரமேறுவதை மட்டும் மறைத்துக்கொண்டது என்று நம் பாட்டியர் கதை சொல்வர். உலகத்துத் தொழில்கள் பலவற்றில் இன்றும் அப்பூனைகளையே காண்கின்றோம். சிற்றுருவக் கலைஞர் கூட்டத்தில் மரமேறக் கற்பிப்பதே முதற்பாடமாக இருக்கின்றது. அதனாலேயே அக்கலை வளர்ந்தது.

இவ்வழக்கத்தைப் பரப்பினோருள் அமெரிக்கராகிய ஷெப்பர்டு பெயின் (1946–2015) தலைசிறந்தவர். 1970-களில் மானோகிராம் கம்பெனியார் தம் பெட்டிகள் சிலவற்றுள் ஒரு தாளை இட்டு விற்றனர். அப்பெட்டியிலுள்ள சிற்றுருவத்தைக் கொண்டு பெயின் அமைத்த காட்சியின் வண்ணப்படங்களும், அதனைச் செய்யும் வழியும் அத்தாளில் அச்சிடப்பட்டிருந்தன. பெட்டி வாங்கிய சிறுவன் வியப்பையும் வழியையும் ஒருங்கே பெற்றான். 1980-ல் அவர் காட்சியமைப்புக் கலை பற்றி எழுதிய நூலும் அவ்வாறே, ஒளித்ததொன்றுமின்றி எழுதப்பட்டது. பெயின் செய்த உருவங்கள் சிலர் பேழைகளில் இருக்கின்றன. அவர் சொல்லிக்கொடுத்த வழியோ எண்ணிறந்தோர் கைகளில் இருக்கின்றது.

அவர் சார்ந்திருந்த இல்லினாய்ஸ் சிற்றுருவச் சங்கத்தார் சிகாகோ பக்கத்தில் நடத்தும் காட்சியில் பரிசளிக்கும் முறையே என் கருத்துக்குப் பெருந்துணையாவது. பந்தயங்களில் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று மூவரே பெயர் பெறுவர், ஏனையோர் தோற்றவராவர். இவர்களோ ஒருவர் வேலையை மற்றொருவர் வேலையோடு ஒட்டிப் பார்ப்பதில்லை. ஒருவர் கொணர்ந்த உருவங்களையெல்லாம் நடுவர் நோக்கி, அவற்றுட் சிறந்ததை எடுத்து, அஃது எத்தரத்தை எட்டியது என்று மட்டும் ஆராய்வர். பொன்தரத்தை எட்டியவர் பத்துப்பேராயின் பத்துப்பேருக்கும் பொற்பதக்கம். ஒருவரும் எட்டாவிடின் ஒருவருக்கும் இல்லை. வெள்ளியும் வெண்கலமும் நற்சான்றும் அவ்வாறே. இதனால் விளைவது யாது? பக்கத்து மேசைக்காரன் பகைவன் ஆகான். அவனுக்கு ஒரு நுட்பம் சொல்லிக்கொடுத்தால் எனக்கு வரும் பதக்கம் குறைந்துவிடாது. சென்ற ஆண்டு நற்சான்று பெற்றவன் இவ்வாண்டு வெண்கலம் பெற்றால், தான் ஏறிய படியைத் தானே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மறுப்பு இல்லாமலில்லை. போட்டியின்றி உயர்ச்சி உண்டோ என்பர். கேம்ஸ் ஒர்க்ஷாப் கம்பெனியார் 1987 முதல் நடத்திவரும் கோல்டன் டீமன் பந்தயத்தில், அனைத்திலும் சிறந்த உருவத்தைத் தீட்டியவருக்கு ஓர் உண்மையான நெடுவாளையே பரிசாக அளிக்கின்றனர். அவ்வாளை வேட்டு உழைத்தவர்களால் தூரிகைக் கலை உயர்ந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆயினும், அது சிகரத்தில் நிற்பாரை இன்னும் ஒரு முழம் உயர்த்தும் உபாயம். அடிவாரத்தில் நிற்பவனை முதற்படியில் ஏற்றும் உபாயம் அன்று. எல்லார்க்கும் பதக்கம் என்றால் தரம் தாழாதோ எனின், சிகாகோ முறையில் எல்லார்க்கும் பதக்கம் இல்லை. எல்லார்க்கும் ஒரே அளவுகோல் உண்டு. அளவுகோல் தாழாதவரையில் தரமும் தாழாது. வாள் ஒன்றே, அதனைப் பெறுவான் ஒருவனே. ஒரு கலை நிலைபெறுவதோ, வாள் பெறாத பதினாயிரவர் தூரிகையைக் கீழே வையாமையால்.

மாணவ நண்பர்களே! நம்முட் பலர் சிற்றுருவம் செய்யாதவர். ஆயினும், காட்சி அமைக்காதவரும் காணாதவரும் நம்முட் சிலரே. விஞ்ஞானக் காட்சியோ, ஓவியக் காட்சியோ, நூற்காட்சியோ எதுவாயினும், அதனை அமைப்போர் மூன்றனைக் கருதுதல் நன்று. செய்தவன் தன் பொருளருகே நின்று வினாவுக்கு விடை கூறுக. முடிந்த பொருளின் பக்கத்தில் முடியாத பொருள் ஒன்றும் இருக்க. பாதி தீட்டிய முகம், தீட்டி முடித்த முகத்தினும் அதிகம் கற்பிக்கும். வல்லவர் மேசையோடு தொடக்கக்காரர் மேசையும் அதே மண்டபத்தில், மூலையிலன்றி நடுவில், இடம் பெறுக.

காணச் செல்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. ஆயிரம் பொருளையும் ஓடிப் பார்த்தலினும், மனத்தைத் தொட்ட ஒன்றன் முன்னே கால்மணி நேரம் நின்று, செய்தவரை அணுகி, “இதில் நீர் முதலிற் செய்தது யாது?” என்று வினவுக. அவ்விடையைக் குறித்துக்கொண்டு, அவ்வாரத்துக்குள்ளே கையால் ஒருமுறை செய்து பார்க்க. அது கோணலாகவே அமையும், அமைக. கோணலான முதற்பொருள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டு அதே மேசைக்குச் செல்வானுக்கு, அப்பெரியவர் இரண்டாம் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கக் காத்திருப்பார். ஆதலின், ஒரு கண்காட்சி சிறந்ததோ அன்றோ என்பதை வாயிலிற் புகுந்தார் தொகையால் அளவாது, அடுத்த வாரத்தில் எத்தனை வீடுகளில் விளக்கடியில் ஒரு தூரிகை புதிதாக நனைந்தது என்பதனால் அளப்போமாக.