ஒரு கண்ணுக்கு இரு மருத்துவம்

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்பர் பெரியோர். நீரிழிவு நோயாளிகளுக்கு இது வெறும் பழமொழியன்று, எச்சரிக்கை. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. சென்னையில் நடந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுள் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பழுதுபட்டிருந்தது.

சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து கசியும். அந்த நீர் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் வீக்கம் உண்டாகும். நாம் நூலைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சிறு பகுதியால்தான்.

இதற்கு நெடுங்காலம் கைகொடுத்தது லேசர் ஒளி. கசியும் இடங்களைச் சுட்டு அடைக்கும் இம்முறையால், மூன்றாண்டுகளில் 24 விழுக்காடாக இருந்த பார்வை இழப்பு 12 விழுக்காடாகக் குறைந்ததென 1985இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. ஆயினும் லேசர் இருப்பதைக் காத்ததேயன்றி, இழந்ததை மீட்டுத் தந்தது அரிது. பின்னர் வந்தது டிரையம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி. அதைக் கண்ணுக்குள் செலுத்தினால் வீக்கம் விரைவில் வடியும். மருந்தின் வலு தீர்ந்ததும் மீண்டும் தலைகாட்டும்.

அப்படியானால், ஊசியால் வீக்கத்தை வடித்து, லேசரால் கசிவை அடைத்தால் இரட்டிப்புப் பயன் கிட்டாதா? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அறிவியல், நியாயமாகத் தோன்றுவதையும் சோதித்த பின்னரே ஏற்கும். அமெரிக்காவில் 854 கண்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், பார்வைப் பலகையில் சராசரியாகக் கூடுதலாகப் படிக்க முடிந்த எழுத்துகள், லேசர் மட்டும் பெற்றவர்களுக்கு 3. ஸ்டீராய்டும் லேசரும் பெற்றவர்களுக்கு 4. ரானிபிசுமாப் என்னும் வேறு ஊசியும் லேசரும் பெற்றவர்களுக்கு 9. அதுமட்டுமா? ஸ்டீராய்டு பெற்ற கண்களில் அழுத்தம் ஏறியது, கண்புரையும் மிகுந்தது.

அதற்காக இக்கூட்டு மருத்துவத்தை அடியோடு ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. அதே ஆய்வில், முன்னரே புரை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தப்பட்டிருந்த கண்களுக்கு இக்கூட்டு முறை ரானிபிசுமாபுக்கு ஏறக்குறைய இணையான பலனைத் தந்தது. டிரையம்சினோலோன் விலை குறைந்த மருந்து. ஏழை நோயாளிகள் நிறைந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. ஆனால் ஊசி போட்டதோடு கடமை முடிந்ததென்று மருத்துவரோ நோயாளியோ எண்ணலாகாது. கண் அழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து பார்க்கவேண்டும். தவறினால், மலிவாக வாங்கிய மருந்துக்குப் பார்வையையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

எனவே, ‘எந்த மருந்து சிறந்தது?’ என்பதைவிட, ‘எந்தக் கண்ணுக்கு எது ஏற்றது?’ என்று கேட்பதே அறிவுடைமை. மாணவ நண்பர்களே! இந்நோய் தொடக்கத்தில் வலியும் தராது, மங்கலும் காட்டாது. நம் வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்களை ஆண்டுக்கொரு முறையேனும் விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். படித்த பிள்ளைகள் வீட்டுக்குச் செய்யக்கூடிய கைம்மாறு இதனினும் வேறுண்டோ?