நோயாளி மலை இறங்குவதா? கருவி மலை ஏறுவதா?

திருச்சிக்கு வடக்கே, துறையூரைத் தாண்டிப் போனால் பச்சைமலை தெரியும். திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கிறது.

அந்த மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு "மலையாளிகள்" என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல. இவர்கள் பேசுவது தமிழ். மரவள்ளியும் முந்திரியும் இவர்களுடைய விளைச்சல்.

அங்கே ஒரு குடும்பத் தலைவருக்கு இருமல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் ஆகிறது. இரண்டு வாரம் ஆகிறது. இருமல் நிற்கவில்லை. மாலையானால் காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆனால் மலை இறங்கிப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். சளியைக் கொடுத்துவிட்டு வர ஒரு நாள். முடிவைக் கேட்டு வர இன்னொரு நாள். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் தள்ளிப் போடுகிறார்.

அந்த ஒரு வாரத்தில் நோய் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அது தாவலாம்.

அந்த நோய்தான் காசநோய். டி.பி. என்றும், சயரோகம் என்றும் நாம் சொல்வது இதைத்தான்.

இன்னும் இருக்கிறதா?

"டி.பி. பழைய காலத்து நோய் அல்லவா? இப்போதும் இருக்கிறதா?" என்று சிலர் கேட்பார்கள்.

இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகத்தில் புதிதாக இந்த நோய் கண்டவர்களில் 100-க்கு 26 பேர் இந்தியர்கள்.

இதற்குக் காரணமான கிருமியை ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் 60 ஆண்டுகள் ஆயின. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது.

மருந்து வந்தது. ஆனால் அதை எங்கே வைத்துக் கொடுப்பது?

அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான். ஊருக்கு வெளியே நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, பழம், பக்கத்தில் நர்ஸ். இப்படி மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். சென்னைக்கு அருகே தாம்பரத்தில் அத்தகைய சானடோரியம் ஒன்று இருந்தது. அந்த இடத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் "தாம்பரம் சானடோரியம்" என்றுதான் பெயர்.

நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளின் எண்ணிக்கை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இடம் கிடைக்காதவர்களின் கதி என்ன?

சென்னையில் நடந்த சோதனை

இந்தக் கேள்விக்கு விடை காண 1956-ஆம் ஆண்டில் நான்கு பேர் கைகோத்தார்கள்.

ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். இரண்டு, சென்னை ராஜ்ய சர்க்கார். மூன்று, உலக சுகாதார ஸ்தாபனம். நான்கு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்.

சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. வாலஸ் பாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஆராய்ச்சிக்கு வழி காட்டினார். நம் நாட்டு டாக்டர்களும், நர்சுகளும், ஆய்வுக்கூட ஊழியர்களும் அதைத் தோளில் தூக்கிச் சுமந்தார்கள்.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மற்றொரு பிரிவுக்கு வீட்டிலேயே சிகிச்சை. மருந்து இரண்டு பேருக்கும் ஒன்றுதான். காலமும் ஒன்றுதான்: ஓராண்டு.

யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் பிரித்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா?

வீட்டில் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். நெருக்கமான குடிசை. அரை வயிற்றுச் சாப்பாடு. ஓய்வு என்பதே கிடையாது. பலர் வேலைக்கும் போனார்கள். "இவர்கள் எங்கே பிழைக்கப் போகிறார்கள்?" என்றே பலரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் நிலையத்தார் அவர்களைக் கைவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள்.

உலகம் வியந்த முடிவு

1959-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது.

சானடோரியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை!

அதைவிட முக்கியமான சேதி ஒன்று உண்டு. "வீட்டில் வைத்துப் பார்த்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளாதா?" என்ற பயம் இருந்தது. குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். வீட்டுச் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவிவிடவில்லை. மருந்து தொடங்கியதும் பரவும் வேகம் அடங்கிவிடுகிறது. ஆபத்து எல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்னால்தான்.

அதாவது, நோயைக் குணப்படுத்தியது கட்டிலும் அல்ல, மலைக் காற்றும் அல்ல. விடாமல் சாப்பிட்ட மருந்துதான்.

இந்த முடிவு உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது. நாட்டுக்கு நாடு சானடோரியங்கள் மூடப்பட்டன. 1962-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. சேத்துப்பட்டு நிலையம் 2011 முதல் "தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்" என்ற பெயரில் நடக்கிறது.

தேர் வடம் சொல்லும் பாடம்

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு வடத்தை மட்டும் இழுத்தால் தேர் கோணிக்கொண்டு நிற்கும். எல்லா வடத்தையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும்.

ஆராய்ச்சியும் அப்படித்தான். சர்க்காரிடம் ஆஸ்பத்திரி இருந்தது, நோயாளிகள் வந்தார்கள். ஆராய்ச்சிக் கவுன்சில்களிடம் சோதனை நடத்தும் முறை இருந்தது. உலக ஸ்தாபனத்திடம் நிபுணர்களும், முடிவை எல்லா நாட்டுக்கும் எடுத்துச் சொல்லும் வாயும் இருந்தன. தனித்தனியே ஒருவராலும் இதைச் செய்திருக்க முடியாது.

அதே வழியில் இன்றும் புதிய கருவிகள் வருகின்றன.

கோவாவிலும் பெங்களூரிலும் உள்ள நிறுவனங்கள் சேர்ந்து "ட்ரூநாட்" என்ற சோதனைக் கருவியைச் செய்தன. சளியில் காசநோய்க் கிருமியின் மரபுப் பொருள் இருக்கிறதா என்று அது தேடிப் பார்க்கும். சளியைப் பக்குவப்படுத்திக் கருவியில் வைத்தால் சில மணி நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும். முக்கியமான மருந்து ஒன்று கேட்குமா, கேட்காதா என்பதையும் சொல்லும்.

அது மின்கலத்தில் ஓடும். குளிர்சாதன அறை வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அதைச் சோதித்துப் பார்த்தது. இந்தியா உள்பட நான்கு நாடுகளில் ஆய்வு நடந்தது. 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் ஒப்புக்கொண்டது.

கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும் இப்போது வந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, சந்தேகம் உண்டா என்று சொல்லக் கம்ப்யூட்டரும் உதவுகிறது.

விலை குறைந்த கருவியும் கருவிதான்

கருவி என்றால் லட்ச ரூபாய்க் கருவிதான் என்று நினைக்க வேண்டாம்.

2022-ல் தமிழ்நாடு அரசு "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" தொடங்கியது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் கூட்டாளி. நோய் தெரிந்த உடனே நோயாளியை எடை போடுகிறார்கள். மூச்சை எண்ணுகிறார்கள். விரலில் சிறு கருவியை மாட்டி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். காலில் வீக்கம் உண்டா, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தான நிலை என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

வீட்டுச் சிகிச்சை பெரும்பாலோருக்குப் போதும். படுக்கை யாருக்குத் தேவை என்று பொறுக்கி எடுப்பதுதான் இந்த முறை.

சோறும் ஒரு மருந்து என்று இன்னொரு ஆராய்ச்சி காட்டியது. சென்னை காசநோய் நிறுவனமும் மங்களூர் மருத்துவக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து, பழங்குடி மக்கள் மிகுந்த ஜார்க்கண்டில் அதை நடத்தின. 2019 முதல் 2022 வரை நடந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் 10,000 பேருக்கு மேல் கவனிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவைவிட அவர்களிடம் புதிதாக நோய் வருவது 100-க்கு 39 பங்கு குறைந்தது.

"1959-ல் சாப்பாடு முக்கியம் இல்லை என்றார்கள், இப்போது முக்கியம் என்கிறார்களே!" என்று தோன்றலாம். முரண்பாடு இல்லை. வந்த நோயை விரட்டுவது மருந்து. நோய் வராமல் காப்பதில் சோற்றுக்குப் பங்கு உண்டு. மத்திய அரசு 2018 முதல் நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆயிற்று.

இனி யார் கை?

மறுபடியும் பச்சைமலைக்கு வருவோம்.

கிருமியைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. கொல்ல மருந்து இருக்கிறது. மருந்துக்கு அடங்காத டி.பி.க்கும் ஆறு மாதத்தில் முடியும் புதிய சிகிச்சையை 2024-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. முன்பு அதற்கு 20 மாதம் வரைகூட ஆகும்.

பிறகு என்ன மிச்சம்? மலைப்பாதைதான் மிச்சம்.

கருவி அடிவாரத்தில் இருந்தால், கூலிக்காரர் ஒரு நாளை இழந்து இறங்கி வர வேண்டும். கருவி மலை ஏறினால், அவர் வாசலிலேயே வேலை முடிந்துவிடும். 1956-ல் டாக்டர்கள் குடிசை தேடிப் போனார்கள். அதனால்தான் வெற்றி கிடைத்தது. கருவி சிறிதாகிவிட்ட இந்தக் காலத்தில் மலை ஏறுவது அதைவிடக் கடினமா?

திருச்சியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. என்ஜினீயரிங் படிப்புக்குத் தேசியக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகம் இருக்கிறது. டாக்டர், என்ஜினீயர், விஞ்ஞானி ஆகிய மூவரும் ஒன்றாக மலை ஏறி, மேட்டுப் பாதையிலும் மழைக்காலத்திலும் இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். குறையைக் கண்டு திருத்தலாம். மலைக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தால், வீடு வீடாகப் போய் இருமலை விசாரிக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. மருந்துக்கும் காசு இல்லை. உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் மருந்தை நிறுத்தாதீர்கள். வெட்கப்பட்டு நோயை மறைக்காதீர்கள்.

நான்கு ஸ்தாபனங்கள் சேர்ந்து சேத்துப்பட்டில் காட்டிய வழியை உலகம் பின்பற்றியது. அந்த வழி, நம் வீட்டுப் பக்கத்து மலைக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடலாமா?

தேர் நிலைக்கு வந்தால்தான் திருவிழா முடிந்தது என்று அர்த்தம்.