வால்வு சுருக்கத்தோடு சுகரும் இருக்கா? ஆஞ்சியோவைத் தவிர்க்கக் கூடாது... ஏன்?

“எக்கோ எடுத்தாச்சு. வால்வுதான் பிரச்சினைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு ஆஞ்சியோ? பில்லை ஏத்தவா?”

பெருந்தமனி வால்வு சுருங்கிய அப்பாவையோ அம்மாவையோ இதய மருத்துவரிடம் அழைத்துப்போகும் பல குடும்பங்களுக்கு வரும் சந்தேகம் இது. ஒரு ஆபரேஷன் செலவே குடும்பத்தைப் புரட்டிப்போடும் நாட்டில் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால், நோயாளிக்குச் சர்க்கரை நோயும் இருந்தால், இதய ரத்தக்குழாய்களைப் பார்க்காமல் வால்வை மட்டும் சரிசெய்வது பாதி வைத்தியம்தான். அதேநேரம், ‘அடைப்பு தெரிஞ்சா உடனே ஸ்டென்ட்’ என்பதும் சரியல்ல.

இரண்டு நோய், ஒரே அறிகுறி

இதயத்திலிருந்து உடல் முழுக்க ரத்தம் கிளம்பும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. வயதாக ஆக அதில் கால்சியம் படிந்து இறுகும். வழக்கமாக 3 முதல் 4 சதுர செ.மீ. வரை இருக்கும் திறப்பு, 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனால் ‘தீவிரச் சுருக்கம்’. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களில் அடைப்பு இருந்தாலும் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். குழப்பமே இங்கேதான். அடைப்பு எதுவும் இல்லாமல், வால்வு சுருக்கம் மட்டுமே நெஞ்சு வலியைத் தரலாம். குறுகிய வாசல் வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன தசைக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படுவதே காரணம்.

இதில் சுகர் வேறு சேர்ந்தால்? நாள்பட்ட சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதிப்பதால், அடைப்பு இருந்தும் வலி தெரியாமல் போகலாம். “அப்பாவுக்கு நெஞ்சு வலியே வந்ததில்லையே” என்று நிம்மதி அடைய முடியாது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆதரவு ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எனவே, இது யாரோ சிலரின் பிரச்சினை இல்லை.

எந்தப் பரிசோதனை?

எக்கோ வால்வைத் தெளிவாகக் காட்டும்; கரோனரி அடைப்பை நேரடியாகக் காட்டாது. ‘டிரெட்மில் டெஸ்ட் பண்ணிடலாமே’ என்றால், அறிகுறிகளோடு தீவிரச் சுருக்கம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து, செய்யவே கூடாது. சிடி ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் நல்லது. ஆனால், குழாய்களில் கால்சியம் நிறைய இருந்தால் அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அப்போது கை அல்லது கால் வழியே செய்யும் வழக்கமான ஆஞ்சியோகிராம்தான் வழி.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆஞ்சியோவில் செலுத்தும் சாய மருந்து, ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தை மேலும் பாதிக்கலாம். அதனால் முன்கூட்டியே கிரியாட்டினின் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

அடைப்பு தெரிந்தால்?

நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவதாக இருந்தால், அதே ஆபரேஷனில் பைபாஸும் செய்துவிடலாம். பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு (2012), ஸ்டென்ட்டைவிட பைபாஸில் மரணமும் மாரடைப்பும் குறைவு என்று காட்டியது. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். அது வால்வு நோயாளிகளுக்கான ஆய்வு இல்லை என்றாலும், முடிவெடுக்கும்போது ஒதுக்கிவிட முடியாது.

கால் ரத்தக்குழாய் வழியே வால்வு பொருத்தும் ‘டாவி’ முறை என்றால், கணக்கு வேறு. 2024இல் வெளியான ‘நோஷன்-3’ ஆய்வில், கணிசமான அடைப்புக்கு ஸ்டென்ட் சிகிச்சையும் செய்தவர்களில் 26% பேருக்கும், செய்யாதவர்களில் 36% பேருக்கும் மரணம், மாரடைப்பு, அவசர அடைப்பு சிகிச்சை ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. ஆனால் ரத்தக்கசிவு ஸ்டென்ட் தரப்பில் 28%, மறுதரப்பில் 20%. அதாவது, லாபம் உண்டு, சும்மா கிடைக்காது.

எனவே, ‘ஆஞ்சியோ எதுக்கு?’ என்று கேட்பதைவிட, இந்த நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது: இந்த அடைப்பு எந்தக் குழாயில், எவ்வளவு? இப்போதே சரிசெய்யாவிட்டால் என்ன ஆகும்? ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை இவர் உடம்பு தாங்குமா? இதய மருத்துவரும் அறுவைச் சிகிச்சை நிபுணரும் சேர்ந்து பேசினார்களா?

பில்லைப் பற்றிய சந்தேகத்தோடு உள்ளே போகலாம். ஆனால், இந்த நான்குக்கும் பதில் வாங்காமல் வெளியே வரக் கூடாது.