பத்து சதவீதத்துக்குள் ஒளியும் திருட்டு

“பத்துக்குக் கீழ கொண்டு வந்துட்டேன் சார், இனிமே பிரச்சினை இல்ல.” ஆய்வேடு ஒப்படைக்கும் பருவத்தில் உளவியல் மாணவர்கள் நிம்மதியோடு சொல்வது இது. மென்பொருள் காட்டும் ஒப்புமை பத்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஆய்வு நேர்மையானது என்று மாணவர் நம்புகிறார்; நெறியாளர் பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. ஆய்வுக் கல்வியை உள்ளிருந்து அரிக்கும் தவறு.

இந்த நம்பிக்கை 2018 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகளிலிருந்து முளைத்தது. ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுத் தடை. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. இந்தப் படிகளை மனப்பாடமாகச் சொல்பவர்கள், கருத்துத் திருட்டை அதே விதிகள் எப்படி வரையறுக்கின்றன என்று பார்ப்பதில்லை. பிறருடைய படைப்பை மட்டுமல்ல, கருத்தை எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவதும் அந்த வரையறைக்குள் வருகிறது. கருத்தை எந்த மென்பொருள் எண்ணிக் காட்டும்?

மென்பொருள் சொற்கோவைகளை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலக் கட்டுரையைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கி வைத்தால் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. சொல் மாற்றும் செயலியில் போட்டு எடுத்தாலும் எண்ணிக்கை குறைந்துவிடும். ஆனால் உளவியலில் மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு என்பவை வெவ்வேறு. மூன்றையும் அளக்கும் வினாநிரல்களும் வெவ்வேறு. செயலி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டால் ஆய்வின் முடிவே மாறிப்போகிறது. சதவீதம் குறைகிறது, பொய் கூடுகிறது.

திருச்சுழியில் 1879-இல் பிறந்த ஞானி ரமணர், 1896-இல் பதினாறு வயதில் மதுரையில் பெற்ற மரண அனுபவத்தைப் பற்றி திருச்சுழி வட்டாரத்து மாணவர் ஒருவர் எழுத முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கு நூல் அது ‘நான்’ என்று ரமணரே சொல்வதாக அச்சாகியிருக்கும். அந்த வடிவம் 1931-இல் வெளிவந்த பி.வி. நரசிம்ம சுவாமியின் ஆங்கில வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. ரமணரின் சொற்கள் அப்படியே பதிவானவை அல்ல, 1930-இன் தொடக்கத்தில் நடந்த பல உரையாடல்களின் சாரம் என்று நரசிம்ம சுவாமியே அங்கே குறித்திருக்கிறார். பின்னால் வந்த நூலொன்றிலிருந்து மாணவர் அதை எடுத்து, மேற்கோள் குறியிட்டு, மூலநூலின் பெயரைப் போட்டுவிடுகிறார். சான்று காட்டிய மேற்கோள்களை விதிகள் கணக்கிலிருந்து விலக்குவதால் அறிக்கை சுத்தமாக வருகிறது. ஆனால் அதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன: படிக்காத நூலைப் படித்ததாகச் சொன்னது ஒன்று, சாரத்தை நேர்மொழியாகக் காட்டியது மற்றொன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்து சொன்ன நினைவு, இன்னொருவர் கையால் எழுதப்பட்டது என்பது உளவியலாளர் முதலில் எடைபோட வேண்டிய செய்தி. மூலத்தைத் தேடாதவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

பொய் தரவிலும் நுழையலாம். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகச் சமூக உளவியலாளர் டீடெரிக் ஸ்டாப்பல் தரவுகளையே கற்பனையாக உண்டாக்கியது 2011-இல் அம்பலமானது. அவருடைய ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஒப்புமை பார்க்கும் எந்தக் கருவியும் அதைப் பிடித்திருக்க முடியாது.

“முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள், ஆங்கிலமும் நூலக வசதியும் குறைவு, அவர்களிடம் இவ்வளவு கறார் வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் மேல் உள்ள பரிவு புரிகிறது. ஆனால் குறுக்குவழியைக் காட்டிவிடுவது பரிவாகாது. கற்றுத்தர வேண்டியவை எளியவை. படித்த இடத்திலேயே ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்வது. நூலை மூடிவைத்துப் புரிந்ததைத் தன் சொல்லில் எழுதுவது. அப்போதும் கருத்துக்கு உரியவரின் பெயரைச் சொல்வது. கையில் கிடைத்தது வழிநூல் மட்டும் என்றால் அதையே வெளிப்படையாகக் குறிப்பது. இவற்றைக் கற்க மாநகரத்து நூலகம் தேவையில்லை. ‘சோத்கங்கா’ தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகவே குறிக்கும் ஒழுக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே நம்மிடம் இருந்தது.

சொந்தச் சரக்குக்கும் திருச்சுழி வட்டாரத்தில் பஞ்சமில்லை. மழை பொய்த்த ஆண்டில் மிளகாய்ச் சம்சாரியின் கவலை, அருப்புக்கோட்டைத் தறிக்காரரின் தூக்கம், பிழைப்புக்கு வெளியூர் போனவரின் வீட்டில் தனித்திருக்கும் முதியவரின் மனம்: இவற்றை நேரில் போய்க் கேட்டு எழுதுபவருக்குத் திருடவேண்டிய அவசியமே வராது.

ஆகவே துறைகள் சதவீதச் சான்றிதழோடு திருப்தியடையக் கூடாது. வாய்மொழித் தேர்வில் துணைநூல் பட்டியலிலிருந்து சிலவற்றைச் சுட்டி, “இதை எங்கே படித்தீர்கள், இதில் எதை ஏற்றீர்கள், எதை மறுத்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். களக் குறிப்பேட்டையும் நிரப்பிய வினாத்தாள்களையும் வாங்கிப் பார்க்க வேண்டும். இவற்றுக்கு விடை இல்லாத ஆய்வேடு, ஒப்புமை சுழியம் என்று வந்தாலும் திருப்பி அனுப்பப்பட வேண்டியதுதான்.